எழுதியவனே கணக்குக் காட்டுதல்: சோழர் கால ஆவணப் பேணுதலும் பணியிடப் பண்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கான சான்றாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றில் கணக்கு எழுதுதல், கணக்குக் காட்டுதல், கணக்கனின் பொறுப்பு ஆகியவை பற்றி அமைந்த விதிகள் போதிய கவனம் பெறவில்லை. இவ்விதிகளை ஆனைமங்கலச் செப்பேடு, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், பெரியபுராணத்தின் ஆவண வழக்கு ஆகியவற்றோடு இணைத்துப் பார்த்து, சோழர் கால அவைகளிலும் அலுவலகங்களிலும் ஆவணம் பேணும் பழக்கம் எவ்வாறு உருவாக்கப்பட்டது, யாருக்காக உருவாக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உத்தரமேரூர், மத்தியஸ்தன், கரணத்தான், புரவுவரித் திணைக்களம், படியோலை, மூலவோலை.

முன்னுரை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பொது அதிகார அமைப்புகளின் கடமைகளைக் கூறும் 4ஆம் பிரிவில் முதலாவதாகச் சொல்வது தகவலை வெளியிடுவதைப் பற்றியன்று. ஆவணங்களை முறைப்படி வகைப்படுத்தி, அட்டவணையிட்டுப் பேணவேண்டும் என்பதே அங்கு முதற்கடமையாக வைக்கப்பட்டுள்ளது. கோப்பு இல்லாத இடத்தில் கோப்பைக் கேட்கும் உரிமைக்குப் பொருளில்லை என்பதைச் சட்டம் வகுத்தோர் உணர்ந்திருந்தனர். ஆனால் பேணவேண்டும் என்று விதிப்பதும் பேணும் பழக்கம் ஒரு பணியிடத்தில் வேரூன்றுவதும் வேறு வேறு. முன்னதற்கு ஒரு சட்டப்பிரிவு போதும். பின்னதற்கு எழுதுபவர், சரிபார்ப்பவர், காப்பவர், கேட்பவர் ஆகிய நால்வரும் ஒருவர் முன் ஒருவர் கட்டுப்பட்டவராக இருக்கவேண்டும்.

தமிழக வரலாற்றில் இக்கட்டுப்பாடு எழுத்து வடிவில் விரிவாகக் கிடைக்கும் இடங்களுள் ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகனின் இரு கல்வெட்டுகள். இவை அவனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்கு, அதாவது பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. வி. வெங்கய்யா இவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் விளக்கி வெளியிட்டார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளிவந்த சோழர் வரலாறு, ஆட்சிமுறை பற்றிய தம் ஆங்கில ஆய்வுநூலில் இவற்றை மீண்டும் நுணுகி ஆராய்ந்தார். அன்று முதல் இன்றுவரை பள்ளிப் பாடநூல் தொடங்கி மேடைப்பேச்சு வரையில் இக்கல்வெட்டுகளின் அடையாளம் ‘குடவோலை’ என்ற ஒற்றைச் சொல்லாகவே இருந்து வருகிறது. குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கம் சோழர் கண்டுபிடித்ததன்று. அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே அதற்கான குறிப்பு உண்டு. உத்தரமேரூர்ச் சபை புதிதாகச் செய்தது என்ன என்று கேட்டால், விடை தேர்தல் முறையைக் காட்டிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எழுதிவைத்த கணக்கைப் பற்றிய அதன் கவலையில்தான் கிடைக்கிறது.

கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும்

921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் வாரியத்துக்குத் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதச் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேற்பட்டு 70க்கு உட்பட்ட வயது, வேதப் பயிற்சி, நேர்மையான வழியில் வந்த பொருள் ஆகியன தகுதிகள். இவை நன்கு அறியப்பட்டவை. இவற்றை அடுத்து வரும் தகுதியின்மைப் பட்டியலில்தான் கட்டுரைக்கு உரிய செய்தி இருக்கிறது. கொடுஞ்செயல்களையும் களவையும் பெரும்பாதகங்களையும் சொல்வதற்கு முன்பாகவே, ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று சபை விதிக்கிறது.

விதி அவரோடு நிற்கவில்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், மாமன், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவர்கள் அனைவரையும் விலக்குகிறது. தற்கால நீதியுணர்வுக்கு இது மிகையாகத் தோன்றும். ஒருவர் செய்த தவற்றுக்கு அவரது மைத்துனர் ஏன் பதவி இழக்கவேண்டும்? ஆனால் இப்பட்டியலைத் தண்டனையாக மட்டும் கொள்வதில் பொருத்தமில்லை. ஒரு சதுர்வேதிமங்கலத்தில் நிலமுடையோர் ஒருவருக்கொருவர் மணவுறவால் பிணைந்தவர்கள். கணக்குக் காட்டாமல் விலகியவரிடம் ‘கணக்கைக் கொடு’ என்று சபை கேட்பதைவிட, அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மாமனாரும் மருமகனும் கேட்பதே வலியது. தம் பெயர் குடத்தில் விழவேண்டுமெனில் உறவினரின் கணக்கு முடிந்திருக்கவேண்டும் என்ற நிலை, ஊரின் உறவுவலை முழுவதையும் கணக்குக் கேட்கும் கருவியாக மாற்றிவிடுகிறது. ஆவணம் பேணுதல் ஓர் அலுவலரின் தனிக் கடமையாக இல்லாமல் குடும்பத்தின் மானப் பிரச்சினையாகிறது. உத்தரமேரூர் விதிகளிலேயே கூர்மையான சமூக அறிவு வெளிப்படும் இடம் இதுவே எனலாம்.

919ஆம் ஆண்டு விதி வயதை 30 முதல் 60 வரை என்று வைத்திருந்தது. இரண்டே ஆண்டுகளில் சபை அதை மாற்றியதோடு, தகுதியின்மைகளையும் குடவோலை எடுக்கும் முறையையும் நுணுக்கமாக விரித்து எழுதியது. தீயோர் நீங்கி நல்லோர் வளரவேண்டும் என்பதே நோக்கமாகக் கூறப்படுகிறது. முதல் விதியின் இடைவெளிகளில் யாரோ புகுந்திருக்கவேண்டும் என்று ஊகிக்க இது இடமளிக்கிறது. இரு ஆண்டுகளிலும் அரசனின் ஆணையோடு ஓர் அதிகாரி உடனிருந்தார். முதலாவதில் தத்தனூர் மூவேந்தவேளான் இருந்ததைக் கல்வெட்டே கூறுகிறது. ஆக, இவ்விதிகளை ஊராரின் தன்னாட்சி உணர்வுக்கு மட்டுமோ அரசின் கட்டளைக்கு மட்டுமோ உரியனவாக்க இயலாது.

கணக்கனின் முறை

921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் இறுதிப் பகுதி வாரியத்தாரை விட்டுக் கணக்கர்களிடம் வருகிறது. நேர்மையாகப் பொருளீட்டியவரே கணக்கு எழுதவேண்டும். ஒருமுறை எழுதியவர், தம் காலத்துக் கணக்கைப் பெருமக்கள் முன் காட்டித் தூயவர் என்று ஏற்கப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணிக்கு வரலாம். தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்டவேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்து வைத்தல் கூடாது.

மூன்றாவது விதி சிறப்பாக நோக்கத்தக்கது. ஆவணங்கள் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் கைமாறும் இடமாகும். பழைய அலுவலர் போய்ப் புதியவர் வரும்போது, ‘அது எனக்கு முன்பிருந்தவர் காலத்தது’ என்ற ஒரு சொல்லில் எல்லாப் பொறுப்பும் கரைந்துவிடும். உத்தரமேரூர்ச் சபை இந்த வாசலை அடைத்தது. கணக்கின் தொடக்கமும் முடிவும் ஒரே கையில் இருக்கவேண்டும் என்றபோது, எழுதும் ஒவ்வொரு நாளும் எழுதுபவன் தன் ஆண்டிறுதியை நினைத்தே எழுதவேண்டியதாகிறது. வாரியத்தின் காலமும் 360 நாள் என்று வரையறுக்கப்பட்டிருந்ததால், கணக்கு காட்டும் நாள் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே இருந்தது.

கணக்கனின் ஊதியத்தையும் சோதனையையும் உத்தரமேரூரின் மற்றொரு கல்வெட்டு தருகிறது. நாளொன்றுக்கு 4 நாழி நெல், ஆண்டுக்கு 7 கழஞ்சு பொன், ஓர் இணை ஆடை என்பது ஊதியம். கணக்கை ஒப்படைத்தபின் அவன் காய்ச்சிய இரும்பைப் பிடித்துத் தன் நேர்மையை மெய்ப்பிக்க வேண்டும். தேறியவனுக்கு மேற்கொண்டு பொன் உண்டு; தவறியவனுக்குத் தண்டம் உண்டு; உடலைத் துன்புறுத்தும் வேறு தண்டனை இல்லை. மழுப் பிடித்தல் என்னும் இந்தத் தெய்வச் சோதனையைத் தற்காலத் தணிக்கைக்கு இணையாக்குவது சரியன்று. சுடும் இரும்பு கூட்டலில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்காது. ஆயினும், எண்களை மட்டும் பார்த்து நேர்மையை உறுதிசெய்ய முடியாது என்று சபை கருதியது என்பதும், அந்த ஐயத்துக்கு ஈடாக நிலையான ஊதியத்தையும் நேர்மைக்கான கூடுதல் பொன்னையும் அது வைத்தது என்பதும் இதிலிருந்து புலனாகின்றன. ஊதியம் தராமல் நேர்மையை மட்டும் கேட்கும் அமைப்பாக அது இல்லை.

எழுதுபவனும் முடிவெடுப்பவனும்

சபை கூடும், பேசும், முடிவெடுக்கும். எழுதுபவன் சபை உறுப்பினன் அல்லன். அவன் பெயரே மத்தியஸ்தன், அதாவது நடுவில் நிற்பவன். 921ஆம் ஆண்டு விதிகளைப் பெருமக்கள் பணிக்க எழுதியவன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன் என்ற மத்தியஸ்தன். தன் பெயரைக் கல்வெட்டின் இறுதியில் அவன் இட்டுள்ளான். முடிவெடுக்கும் உரிமை இல்லாதவனிடம் முடிவை எழுதும் உரிமை இருந்தது. முடிவில் பங்குள்ளவன் தன் விருப்பத்துக்கு ஏற்ப அதனைப் பதிவுசெய்யும் வாய்ப்பு இதனால் குறைந்தது.

குடவோலை எடுக்கும் சடங்கிலும் இந்த எழுத்தாளனே நடுநாயகம். பெருங்குறி மகாசபை இளையோர் முதியோர் உட்படக் குறைவறக் கூடியிருக்க, ஊரில் அன்று இருந்த நம்பிமார் அனைவரும் உள்மண்டபத்தில் அமர்ந்திருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணுமாறு தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது அறியாத ஒரு சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்கவேண்டும். அவன் அதை வாசிக்கவேண்டும். பின்னர் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்கவேண்டும்.

விரித்த ஐந்து விரல் என்ற நுணுக்கத்தை வியந்து பேசுவோர், அடுத்துவரும் பலமுறை வாசிப்பைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகின்றனர். ஒருவர் வாசித்ததைப் பலர் வாசித்து உறுதிசெய்த பின்னரே அப்பெயர் ஏற்கப்பட்டது. எழுத்து அலுவலருடைய பெட்டிக்குள் அடங்கும் பொருளாக இல்லாமல், கூட்டத்தின் காதில் விழும் பொருளாக இருந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அவர் கேட்டார். கேட்டதற்குப் பின்னர் அவர் சாட்சியாக முடியும்.

ஆனைமங்கலம்: ஓர் ஆணையின் பயணம்

ஊர்ச்சபையை விட்டு அரசனின் அலுவலகத்துக்குச் சென்றால், அங்கு பல கைகளின் வழியே ஓர் ஆவணம் நகர்வதைக் காண்கிறோம். நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்த முதலாம் இராசராசனின் ஆணை, லெய்டன் பெரிய செப்பேடு என்று அறியப்படும் 21 ஏடுகளில் உள்ளது. அவற்றுள் 5 வடமொழியிலும் 16 தமிழிலும் அமைந்தவை. அரசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், தஞ்சாவூரில் மாளிகை மண்டபமொன்றில் இருந்தவாறு வாய்மொழியாக ஆணையிட்டான். அதை ஓலையாக எழுதியவர் ஒருவர். எழுதியது சரியே என்று ஒப்பமிட்டவர்கள் திருமந்திர ஓலைநாயகங்கள். வரிப்பதிவில் ஏற்றியவர்கள் புரவுவரித் திணைக்களத்தார். வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை எனத் தனித்தனிப் பெயர்களோடு பலர் அப்பதிவில் உடனிருந்தனர். பின்னர் திருமுகம் நாட்டார்க்குச் சென்றது. அவர்கள் அதை எதிர்சென்று வணங்கி வாங்கித் தலைமேல் வைத்து, பெண் யானையை முன்னிட்டு எல்லை சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை செய்து கொடுத்தனர். இப்பணிகள் நிறைவேற 23ஆம் ஆட்சியாண்டு ஆயிற்று. செப்பேட்டில் ஏறியது அவன் மகன் இராசேந்திரன் காலத்தில்.

ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல் காணிக்கடனாக வரும் ஊர் அது. அவ்வளவு பெரிய வருவாய் அரசின் கணக்கிலிருந்து ஒரு விகாரத்தின் கணக்குக்கு மாறுகிறது. இரண்டு ஆண்டுத் தாமதத்தை அலுவலக மந்தம் என்று கூறிவிடலாம். ஓரளவு மந்தமும் இருந்திருக்கும். ஆனால் தாமதத்தின் பெரும்பகுதி ஆவணத்துக்கும் நிலத்துக்கும் இடையிலான தூரத்தைக் கடக்கச் செலவானது. ஓலையில் உள்ள எல்லையும் வயலில் உள்ள எல்லையும் ஒன்றே என்று அண்டை ஊரார் தம் கையெழுத்தால் ஏற்கும்வரை ஆவணம் முடிந்ததாகக் கருதப்படவில்லை. ‘இவை என் எழுத்து’ என்று முடியும் கையொப்பங்களின் நீண்ட வரிசை இன்றைய வாசகருக்குச் சலிப்பூட்டலாம். அவ்வரிசையில் ஒவ்வொரு பெயரும், பிற்காலத்தில் வழக்கு வந்தால் யாரைக் கேட்பது என்ற வினாவுக்கான விடை.

இத்தகைய ஆவணங்களைக் கொண்டு சோழ அரசை வலிமையான அதிகாரவர்க்க அரசாக நீலகண்ட சாஸ்திரி காட்டினார். பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் வெளியிட்ட நூலில் அப்படத்தை மறுத்து, மைய அதிகாரம் பெரிதும் சடங்கு வழிப்பட்டதே என்றும், உண்மையான ஆட்சி நாடுகளின் கையில் இருந்தது என்றும் வாதிட்டார். எ. சுப்பராயலுவும் நொபோரு கராஷிமாவும் பட்டங்களையும் அலுவற்பெயர்களையும் தொகுத்து எண்ணி, முதலாம் இராசராசன் காலந்தொட்டு அலுவல் அமைப்பு விரிவதைச் சுட்டிக்காட்டினர். ஆவணப் பேணுதலின் நோக்கில் பார்த்தால் இவ்விவாதம் சற்று வேறு உருக்கொள்கிறது. ஆனைமங்கல ஆணையில் அரண்மனை ஓலைநாயகமும் ஊர்க் கரணத்தானும் ஒரே ஆவணத்தின் இரு முனைகளில் நிற்கின்றனர். இருவரில் எவர் இல்லையெனினும் அது செல்லாது. அதிகாரம் மேலிருந்ததா கீழிருந்ததா என்ற வினாவுக்கு இந்த ஒரு செப்பேடு முடிவான விடை தராது. எழுதும் முறையில் இரு தரப்பும் ஒரே பழக்கத்தைப் பகிர்ந்துகொண்டன என்பதை மட்டும் அது உறுதியாகக் காட்டுகிறது.

நிறையும் பெயரும்

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் விமானத்தில் கல்லில் வெட்டுமாறு 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010இல் ஆணையிட்டான். அப்பட்டியல்களில் பொன்னும் மணியும் ஆடவல்லான், தட்சிணமேருவிடங்கன் எனப் பெயரிடப்பட்ட கற்களால் நிறுக்கப்பட்டன. ஓர் அணிகலனில் சரடும் செப்பாணியும் நீக்கிய நிறை எவ்வளவு, அரக்கும் பிஞ்சும் உட்பட்ட நிறை எவ்வளவு என்பதுவரை பதிவு செல்கிறது. எடைக்கல்லுக்குப் பெயர் இருப்பதால், எக்காலத்தும் அதே கல்லைக் கொண்டு மீண்டும் நிறுத்துப் பார்க்கலாம். பதிவு மறுசோதனைக்கு உரியது என்ற எண்ணம் அதன் வடிவிலேயே பொதிந்துள்ளது.

மனிதர் பதிவிலும் இதே முறை. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் தெரு, சிறகு, வீட்டின் வரிசை ஆகியவற்றோடு குறிக்கப்பட்டுள்ளனர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். அவருள் ஒருவர் இறந்தாலோ இடம்பெயர்ந்தாலோ அப்பங்கு யாருக்குச் செல்லும் என்ற விதியும் உண்டு. கோயிற் பண்டாரிகளையும் கணக்கர்களையும் குறிப்பிட்ட ஊர்ச்சபைகள் அனுப்பவேண்டும் என்றும், பண்டாரிக்கு நிலமோ உறவோ பொருளோ இருக்கவேண்டும் என்றும் வேறொரு கல்வெட்டு கூறுகிறது. உத்தரமேரூரில் உறவினர் வழியாகக் கணக்கனைப் பிணைத்த அதே தந்திரம் இங்கு ஊர் வழியாகச் செயற்படுகிறது. உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேட்டிலும், காஞ்சி ஊரகத்துக் கோயிலின் கணக்கைத் திருவிழா முடிந்ததும் வாரியரும் நகரத்தாரும் ஆராயவேண்டும் என்ற ஏற்பாடு இடம்பெற்றுள்ளது.

படியோலையும் மூலவோலையும்

அலுவலகத்துக்கு வெளியே இருந்தோர் இப்பழக்கத்தை எவ்வளவு அறிந்திருந்தனர்? இதற்குக் கல்வெட்டைவிடச் சேக்கிழாரே நல்ல சான்று. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர் அடிமையோலையை நீட்ட, சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை வேறே இருக்கிறது என்று முதியவர் கூற, வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. ஆட்சி, ஆவணம், காட்சி என்ற மூவகைச் சான்றுகளுள் எது உண்டு என்று சபையார் கேட்கின்றனர். மூலவோலையைக் கரணத்தான் வணங்கி வாங்கி வாசிக்கிறான். கையெழுத்திட்டோர் தம் எழுத்தென ஏற்கின்றனர். அதன்பிறகும் சபை நிறைவடையவில்லை; சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைப் பாதுகாப்பிலிருந்து வரவழைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

புராணம் வரலாற்று நிகழ்வின் பதிவன்று. எனினும் 12ஆம் நூற்றாண்டில் இக்காட்சியைக் கேட்டோர்க்குப் படி, மூலம் என்ற வேறுபாடும், எழுத்து ஒப்பீடும், காப்பில் உள்ள பழைய ஓலையைத் தேடி எடுப்பதும் விளக்கம் தேவைப்படாத செய்திகளாக இருந்திருக்கவேண்டும். இல்லையெனில் கதையின் திருப்பமே விளங்காது. இறைவனே வழக்காடியாக வந்தாலும் ஓலையைச் சரிபார்த்தே தீர்ப்புக் கூறும் சபையைச் சேக்கிழார் படைத்ததில் ஒரு மெல்லிய நகையும் உண்டு. சோழ அரசில் உயர்பதவி வகித்தவராகச் சொல்லப்படும் புலவருக்கு அலுவலக நடைமுறை கைவந்திருந்ததில் வியப்பில்லை.

யாருடைய ஆவணம்?

இதுவரை கூறியவற்றைக் கொண்டு ஒரு பொற்கால ஓவியத்தைத் தீட்டுவது எளிது. அத்தகைய ஓவியங்கள் ஏராளமாக உள்ளன. அதற்கு இரு தடைகள் உண்டு.

முதலாவது சான்றின் இயல்பு. அன்றாட எழுத்தெல்லாம் ஓலையில் நடந்தது. நமக்கு எஞ்சியவை கல்லும் செம்புமே. ஓலையில் இருந்த ஆயிரக்கணக்கான பதிவுகளுள், நிலைக்கவேண்டும் என்று ஒருவர் பணம் செலவழித்த பதிவுகள் மட்டுமே கல்லேறின. முடிந்துபோன, எல்லோரும் ஒப்பிய, வெற்றிபெற்ற ஆவணங்களின் தொகுதியே நம் கையில் உள்ளது. காணாமற்போன கணக்கு, எழுதாமல் விட்ட நாள், திருத்தப்பட்ட எண் ஆகியவை உத்தரமேரூர் போன்ற விதிகளின் நிழலில்தான் தெரிகின்றன. கணக்குக் காட்டாதவருக்கு இவ்வளவு நீண்ட விதி தேவைப்பட்டது என்பதே, கணக்குக் காட்டாதவர் அரிதாக இல்லை என்பதற்குச் சான்று.

இரண்டாவது தடை கடினமானது. கால் வேலி இறைநிலமும் வேதப் பயிற்சியும் இல்லாதவர் உத்தரமேரூர்க் குடத்தில் இல்லை. பெண்கள் இல்லை. வயலில் உழைத்தவர் இல்லை. தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது, ஊர்நத்தம், கம்மாணசேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு ஆகியவற்றின் பரப்பை இறையிலி என்று கழித்துவிட்டு எஞ்சியதற்கு வரி விதிக்கின்றன. முந்திரியின் கீழ்முந்திரி வரை நிலத்தை அளந்த அந்தத் துல்லியத்தில் சேரி ஒரு கழிக்கப்பட்ட பரப்பாக மட்டுமே இடம்பெற்றது. அங்கு வாழ்ந்தவரின் பெயரோ அவர் வாதாடத்தக்க ஓலையோ அப்பட்டியலில் இல்லை. பல கண்கள் சரிபார்த்த ஆவணம்தான் அது. அக்கண்களெல்லாம் ஒரே தரப்பின் கண்கள். ஆவணம் பிழையின்றி இருந்ததும் அது அநீதியாக இருந்ததும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலும்.

இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டால், உத்தரமேரூரை மக்களாட்சியின் தொட்டில் என்று போற்றுவதும், வெறும் நிலவுடைமையாளர் கூட்டம் என்று தள்ளுவதும் ஒரே குறையுடையன. அச்சபை ஒரு சிறு வட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியான பொறுப்புடைமையை உருவாக்கியது. வட்டத்தின் சிறுமையை மறைக்கவேண்டியதில்லை. வட்டத்துக்குள் கையாண்ட வழிமுறைகளைப் புறக்கணிக்கவும் வேண்டியதில்லை.

பழங்கற்படி

செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றும் பணி 10ஆம் நூற்றாண்டில் பரவலாக நடந்தபோது, பழைய கட்டடத்தோடு அதிலிருந்த கல்வெட்டுகளும் அழியும் நிலை வந்தது. செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, முன்பிருந்த கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவற்றில் சில, தாம் பழங்கல்லின் படியே என்று தம்மைத் தாமே அறிவிக்கின்றன. முன்னாள் அரசர் காலத்துக் கொடைகளும் அவற்றுள் உண்டு.

இதைச் செய்யவேண்டிய கட்டாயம் கட்டுவோருக்கு இல்லை. புதிய சுவரில் புதிய கொடைகளை மட்டும் பொறித்திருக்கலாம். பழைய விளக்குக்கு ஆடு கொடுத்தவரும் நிலம் கொடுத்தவரும் கேள்வி கேட்க உயிரோடு இல்லை. படியெடுத்த கல்தச்சர் புதிய எழுத்து வடிவிலேயே பழைய வாசகத்தை வெட்டினர். அதனால் இன்றைய கல்வெட்டாய்வாளர், ஆட்சியாண்டு ஒரு காலத்தையும் எழுத்தமைதி வேறொரு காலத்தையும் காட்டும் சிக்கலை எதிர்கொள்கின்றனர். அச்சிக்கலை ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்ற சிறு குறிப்பு தீர்த்துவைக்கிறது. மூலத்துக்கும் படிக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்காமல், படியைப் படியென்றே அறிவித்துச் சென்றவர் யார் என்பதற்குப் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை.